வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது நெட் இழுக்கிறதா? பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் யாருக்காவது மீட்டிங் நடுவில் திரை உறைந்துபோனால் முதல் போன் எனக்குத்தான் வரும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில், டெலிபோன் லைன் வழியாக நெட் பிடிக்கிற டயல்-அப் மோடம் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாவம் இன்னும் தீரவில்லை. அல்சூர், ராமமூர்த்தி நகர், எலெக்ட்ரானிக் சிட்டி என்று தெரிந்தவர்கள் இருக்கிற இடமெல்லாம் போய், ரௌட்டரைத் திருப்பிப் பார்த்து, காபி குடித்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதிவைத்துவிட்டேன்.

200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன். இருந்தும் மீட்டிங்கில் என் குரல் வெட்டி வெட்டி வருகிறது என்கிறார்கள். எப்படி?

குரலுக்கு 200 தேவையே இல்லை. வீடியோவோடு பேச 3, 4 எம்பிபிஎஸ் போதும். வெறும் பேச்சுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். நீங்கள் பேசுவதை உங்கள் லேப்டாப் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, சுமார் 20 மில்லிசெகண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுப்புகிறது. செகண்டுக்கு ஐம்பது. அவை ஒழுங்கான இடைவெளியில் போய்ச் சேர வேண்டும். ஒன்று தாமதமாகப் போனால், எதிர்ப்பக்கம் அதைத் தூக்கிப் போட்டுவிடும். தாலி கட்டி முடிந்த பிறகு கெட்டிமேளம் கொட்டி என்ன பயன்?

சினிமா பார்க்கும்போது இந்தத் தொல்லை தெரியாது. ஏனென்றால் அடுத்த சில நிமிஷங்களுக்கான படம் முன்கூட்டியே இறங்கி உட்கார்ந்திருக்கும். பேச்சை அப்படி முன்கூட்டி இறக்கி வைக்க முடியாது. “படம் நன்றாக ஓடுகிறது, மீட்டிங் மட்டும் கெடுகிறது, அப்படியானால் ஆஃபீஸ் சாஃப்ட்வேர்தான் மோசம்” என்று பலர் முடிவு கட்டுவது இதனால்தான். பெரும்பாலும் அது தப்பான முடிவு.

உங்கள் லேப்டாப்பிலிருந்து ஆஃபீஸ் வரைக்கும் மூன்று துண்டுகள் இருக்கின்றன. லேப்டாப்பிலிருந்து ரௌட்டர் வரை ஒன்று. ரௌட்டரிலிருந்து நெட் கம்பெனி வரை ஒன்று. அங்கிருந்து உங்கள் ஆஃபீஸ் சர்வர் வரை ஒன்று. எந்தத் துண்டில் கோளாறு என்று தெரியாமல் பிளானை மாற்றுவது, வயிற்றுவலிக்குக் கண்ணாடி மாற்றுகிற மாதிரி. நான் பார்த்த வரைக்கும் பாதிக்கு மேல் முதல் துண்டிலேயே, வீட்டுக்குள்ளேயே, முடிந்துவிடுகிறது.

எந்தத் துண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு நெட்வொர்க் எல்லாம் தெரியாது.

தெரிய வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். டிஃபால்ட் கேட்வே என்று ஒரு எண் வரும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதுதான் உங்கள் ரௌட்டர். இப்போது பிங் (ping) என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு, கடைசியில் இன்னொரு இடைவெளி விட்டு ஒரு கோடும் சின்ன ‘டி’ எழுத்தும் (-t) சேர்த்து என்டர் தட்டுங்கள். வரிசையாக ஓட ஆரம்பிக்கும். மேக்கில் கடைசிக் கோடும் எழுத்தும் வேண்டாம், அது தானாகவே நிறுத்தாமல் ஓடும். நிறுத்த கன்ட்ரோலும் ‘சி’யும்.

ஒவ்வொரு வரியிலும் எத்தனை மில்லிசெகண்ட் என்று காட்டும். ரௌட்டர் அதே வீட்டில் இருக்கிறது. வைஃபையில் 2, 3, 5 என்று வந்தால் நல்லது. 3, 4, 180, 3, 420, பதில் இல்லை, 5 என்று குதித்தால் உங்கள் வைஃபைதான் குற்றவாளி. நெட் கம்பெனிக்குப் போன் போடாதீர்கள், பாவம்.

ரௌட்டர் வரை சுத்தமாக இருந்தால் அடுத்ததாக 8.8.8.8 என்ற எண்ணுக்கு அதே மாதிரி ஓடவிடுங்கள். அது கூகுளின் சர்வர். பெங்களூரிலிருந்து நல்ல ஃபைபர் லைனில் முப்பதுக்குள் வர வேண்டும். ரௌட்டருக்கு நன்றாகவும் இதற்குக் கோணல்மாணலாகவும் வந்தால் கோளாறு வெளி லைனில். இரண்டுமே நன்றாக இருந்து மீட்டிங் மட்டும் திணறினால் மூன்றாவது துண்டையோ, லேப்டாப்பையோ பார்க்க வேண்டும்.

ஒரு விஷயம். இதை மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஓடவிட வேண்டும். டாக்டரிடம் போனதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற மாதிரி, சும்மா இருக்கும்போது எல்லா லைனும் நன்றாகத்தான் இருக்கும்.

ஸ்பீட் டெஸ்டில் 190 காட்டுகிறதே?

காட்டும். அந்த டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற, சில சமயம் உங்கள் நெட் கம்பெனிக்குள்ளேயே இருக்கிற சர்வரோடு பேசுகிறது. பத்து இருபது செகண்டில் முடிந்தும் விடுகிறது. நடுவில் அரை செகண்ட் லைன் செத்துப் பிழைத்தால் அது சராசரியில் மறைந்துபோகும். உங்கள் மேனேஜருக்கு மறையாது.

அப்புறம், 200 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. ஃபைல் அளவு பைட் கணக்கு. எட்டால் வகுக்க வேண்டும். செகண்டுக்கு 25 எம்பி இறங்கினால் முழு வேகமும் வருகிறது என்று அர்த்தம். “200 சொல்லிவிட்டு 25தான் தருகிறார்கள்” என்று சண்டைக்குப் போன ஒருவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன்.

ரௌட்டரை எங்கே வைப்பது?

இதற்குத்தான் பெங்களூரில் எங்கே போனாலும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேபிள் போட வருகிறவர் வாசற்கதவுக்குப் பக்கத்தில், டிவிக்குப் பின்னால், அவருக்கு எது கிட்டவோ அங்கே வைத்துவிட்டுப் போய்விடுவார். வேலை பார்க்கிறவர் கடைசி பெட்ரூமில் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ, அதில் பதித்த ஆளுயரக் கண்ணாடி. வைஃபைக்குப் பீரோவும் கண்ணாடியின் பின்பூச்சும் கோட்டைச் சுவர் மாதிரி. தண்ணீரும் அப்படித்தான். ராமமூர்த்தி நகரில் ஒரு வீட்டில் மீன்தொட்டிக்குப் பின்னால் ரௌட்டர் இருந்தது. அதை எடுத்து ஷெல்ஃப் மேல் வைத்ததைத் தவிர நான் அங்கே வேறெதுவும் செய்யவில்லை.

திறந்த இடம், ஆள் உயரத்துக்கு மேல், வீட்டின் நடுவுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட. அலங்காரப் பெட்டிக்குள் மூடி வைக்காதீர்கள். சூடு ஏறினாலும் அது தள்ளாடும்.

ரௌட்டர் இரண்டு அலைவரிசையில் பேசும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் ஊரே அதில்தான் பேசுகிறது. ஒரு அபார்ட்மென்டில் லேப்டாப்பைத் திறந்தால் முப்பது பெயர் வரும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 என்று மூன்றே சேனல்கள். முப்பது வீடு, மூன்று தடம். போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 பக்கம்தான் வேலை செய்கிறது. மத்தியானம் ஒரு மணிக்கு யாரோ சாம்பார் சூடு பண்ணும்போது மட்டும் மீட்டிங் வெட்டுகிறது என்றால் சிரிக்காதீர்கள், உண்மையாக இருக்கலாம். 5 ஜிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம், ஆனால் இரண்டு சுவருக்கு அப்பால் மூச்சு வாங்கும். ஆகவே வேலைக்கு உட்காருகிற அறையிலேயே ரௌட்டர் இருந்தால் 5ஐப் பிடியுங்கள். தூரமாக இருந்தால், 2.4இல் திணறுவதைவிட ஒரு வயர் இழுப்பதுதான் நல்லது. வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட ஓனர் விடமாட்டார் என்பீர்கள். சுவரடி ஸ்கர்ட்டிங் ஓரமாக ஒட்டிக்கொண்டு போகிற தட்டையான நெட்வொர்க் கேபிள் கிடைக்கிறது, கதவிடுக்கில்கூடப் போகும்.

பிஜி விடுதியில் இருப்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மாடிப்படிக்கட்டில் ஒரு ரௌட்டர், அதில் நாற்பது பேர். ஓனரிடம் கேட்டு உங்கள் அறைக்கு ஒரு வயர் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் ஹாட்ஸ்பாட் கேள்விக்குப் போங்கள்.

ரௌட்டருக்கும் லேப்டாப்புக்கும் வயர் போட்டுவிட்டேன். 300 பிளான், ஆனால் 95க்கு மேல் ஏறவில்லை.

அந்த வயருக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. நான்கும் சரியாக இருந்தால்தான் ஜிகாபிட் வேகம். ஒரு ஜோடி அறுந்தாலும், முனையில் சரியாக அழுத்தாவிட்டாலும், இரண்டு ஜோடியில் ஓடி 100இல் நின்றுவிடும். அல்லது ரௌட்டரின் போர்ட்டே 100தான் தாங்கும் மலிவு ரகமாக இருக்கும். வயரை மாற்றிப் பாருங்கள், அப்புறம் ரௌட்டரைச் சந்தேகப்படுங்கள். வேலைக்கு 95 தாராளம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் நன்றாக இருக்கிறது. திடீரென்று பத்து நிமிஷம் எல்லோருக்கும் படுத்துவிடுகிறது, பிறகு தானாகச் சரியாகிறது.

யாரோ எதையோ மேலே ஏற்றுகிறார்கள். அப்லோட்.

என் மச்சினர் வீட்டுக் கதை. தினமும் ராத்திரி ஏழு மணிக்கு மேல் அவருடைய அமெரிக்க மீட்டிங் நாசமாகும். நெட் கம்பெனிக்காரர் மூன்று தடவை வந்து போனார். நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஏழு மணிக்குக் கதவு திறந்தது, பையன் டியூஷனிலிருந்து வந்தான், அவன் போன் வீட்டு வைஃபையைப் பிடித்தது. அன்றைக்கு எடுத்த வீடியோ எல்லாவற்றையும் அது கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்தது. அவ்வளவுதான்.

சில பிளான்களில் இறக்கும் வேகம் பெரிதாக இருக்கும், ஏற்றும் வேகம் அதில் ஒரு சிறு பங்குதான். அந்தச் சின்ன வழியை ஒரு போன் நிரப்பிவிட்டால், ரௌட்டர் மிச்சப் பொட்டலங்களை வரிசையில் நிறுத்திவைக்கும். உங்கள் குரலும் ரேஷன் கடை வரிசை மாதிரி பின்னால் நிற்கும். பிங் ஓடவிட்டுப் பார்த்தால் 20இல் இருந்தது 600, 800 என்று ஏறுவது கண்ணுக்குத் தெரியும். நல்ல ரௌட்டர்களில் கியூஓஎஸ் என்று ஒரு அமைப்பு உண்டு. அதில் ஏற்றும் வேகத்தை உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால் வரிசை சேராது. அது இல்லாவிட்டால் போட்டோ பேக்கப்பை ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் என்று மாற்றுங்கள். லேப்டாப்பில் ஒன்டிரைவ், விண்டோஸ் அப்டேட் இரண்டையும் கூடவே பாருங்கள். பையனைத் திட்ட வேண்டாம்.

விபிஎன் போட்டால் மட்டும் மெதுவாகிறது. எடுத்தால் பறக்கிறது.

விபிஎன் என்பது உங்கள் லேப்டாப்பிலிருந்து ஆஃபீஸுக்குப் போகிற பூட்டிய தனிவழி. இதில் இரண்டு மூன்று வேறு வேறு வியாதிகள் ஒரே அறிகுறியோடு வரும்.

முதலாவது சுற்றுவழி. விபிஎன் போட்டதும் உங்கள் எல்லாப் போக்குவரத்தும் கம்பெனியின் விபிஎன் சர்வர் வழியாகப் போகலாம். அது சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருந்தால், பெங்களூரில் இருந்துகொண்டு பெங்களூர்ப் பக்கத்தைத் திறக்கக்கூட அங்கே போய்த் திரும்ப வேண்டும். கம்பெனி போக்குவரத்து மட்டும் விபிஎன்னில், மற்றவை நேரே என்று பிரிக்கிற வழி உண்டு. ஆனால் அதை முடிவு செய்வது உங்கள் ஐடி ஆட்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுத்தால் அதில் நியாயமும் இருக்கும். விபிஎன் மென்பொருளில் இடம் தேர்ந்தெடுக்க விட்டால் மும்பை, சென்னை மாதிரி கிட்ட இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பழக்கத்தில் அமெரிக்காவையே சொடுக்கிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

இரண்டாவது கொஞ்சம் தந்திரமானது. சாட் போகும், சின்ன மெயில் போகும், பிங் நன்றாக வரும், ஆனால் ஒரு குறிப்பிட்ட பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அட்டாச்மென்ட் தொங்கும். இது பொட்டலத்தின் அளவுப் பிரச்சினை. சாதாரணமாக ஒரு பொட்டலம் 1500 பைட். நெட் கம்பெனி பிபிபிஓஇ முறையில் இணைத்திருந்தால் அதில் 8 பைட் போய் 1492 ஆகும். அதன் மேல் விபிஎன் தன் உறையைப் போடும்போது பெரிய பொட்டலம் வாசலில் நுழையாது. சின்னதெல்லாம் நுழையும். எம்டியுவை, அதாவது பொட்டலத்தின் உச்ச அளவை, 1400க்குப் பக்கமாகக் குறைத்துப் பாருங்கள் என்று ஐடி ஆட்களிடம் சொல்லுங்கள். “இந்த வார்த்தை உங்களுக்கு எப்படித் தெரியும்” என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, லேப்டாப்பே பழசு. விபிஎன் ஒவ்வொரு பைட்டையும் பூட்டித் திறக்கிறது. மீட்டிங்கும் அதிலேயே, வைரஸ் ஸ்கேனும் அதிலேயே. டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு நூறைத் தொடுகிறதா பாருங்கள். தொட்டால் நெட்டைக் குறை சொல்லி லாபமில்லை.

அமெரிக்க சர்வரில் ஒரு எழுத்து அடித்தால் அது திரையில் வர நேரமாகிறது. பிளானை 1 ஜிபிக்கு ஏற்றினால் சரியாகுமா?

ஆகாது. கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். பெங்களூரிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரை நேர்க்கோட்டிலேயே 13, 14 ஆயிரம் கிலோமீட்டர். போய் வர குறைந்தது 130, 140 மில்லிசெகண்ட் ஆகியே தீரும். கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. சென்னையிலோ மும்பையிலோ கடலில் இறங்கி, வளைந்து, பல நாடு ஏறி இறங்கிப் போகிறது. ஆகவே 200க்கு மேல் வருவது சகஜம். 1 ஜிபி வாங்கினாலும் ஒளி வேகமாக ஓடாது. வேலையை இங்கேயே செய்து, முடித்ததை மட்டும் அங்கே அனுப்புகிற மாதிரி மாற்றிக்கொள்ள முடியுமா பாருங்கள்.

மழை பெய்தால் நெட் போகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது.

பெங்களூரில் ஃபைபர் நிறைய இடத்தில் மரத்திலும் கம்பத்திலும் தொங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறது. மே மாசக் கோடை மழையில் ஒரு கிளை விழுந்தால் ஒரு தெருவுக்கே நெட் இல்லை. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அதை அணைத்து அணைத்துப் போடுவதால் ஒன்றும் ஆகாது, புகார் போடுவதுதான் வழி.

சிவப்பு விளக்கு எரியாமலே அடிக்கடி விட்டு விட்டு வந்தால் ஒளி பலவீனமாக வருகிறது. இழை எங்கோ மடங்கியிருக்கும், அல்லது இணைப்பில் அழுக்கு, அல்லது ஈரம். உங்கள் வீட்டுக்குள்ளேயே பாருங்கள்: மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு மெல்லிய ஒயர் நசுங்கியிருக்கிறதா? வேலைக்கார அம்மா சுத்தமாக இருக்கட்டும் என்று சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறாரா? இது செம்புக் கம்பி இல்லை, கண்ணாடி. இறுக்கி வளைத்தால் ஒளி வெளியே ஒழுகிவிடும்.

லைன் ஆள் வந்தால் அவர் கையில் இருக்கிற மீட்டரில் ஒளியின் பலத்தை அளக்கச் சொல்லுங்கள். “பவர் எஷ்ட்டு பர்த்தா இதெ?” (பவர் எவ்வளவு வருகிறது?) என்று கன்னடத்தில் கேட்டால் அவர் முகமே மாறும். இந்த ஆளுக்கு விஷயம் தெரியும் என்று கொஞ்சம் நின்று வேலை செய்வார். மைனஸ் 15இலிருந்து மைனஸ் 25 வரை சொன்னால் நிம்மதி. மைனஸ் 27, 28 என்றால் விளிம்பில் நிற்கிறது, அடுத்த மழைக்கு விழும். அப்படியே விட்டுவிட்டுப் போக விடாதீர்கள், இணைப்பைச் சுத்தம் பண்ணியோ வெட்டி ஒட்டியோ கொடுக்கச் சொல்லுங்கள்.

சாயங்காலம் ஆனால் மட்டும் மெதுவாகிறது. அப்லோட் யாரும் செய்யவில்லை.

வீட்டு ஃபைபரில் தெருவுக்கு வரும் ஒரே இழையைப் பல வீடுகள் பங்கு போடுகின்றன, 32 வீடு, 64 வீடு என்று. ஜிபான் என்கிற இந்தப் பங்கு முறையில் அந்த மொத்த இழைக்கும் இறங்கும் வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், ஏறும் வேகம் அதில் பாதி. அதற்கு மேலே, நெட் கம்பெனி வெளியிலிருந்து எவ்வளவு வாங்கி வைத்திருக்கிறது என்பது வேறு கணக்கு. எட்டு மணிக்கு எல்லோரும் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் இடிக்கும். காலை ஆறு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் ஒரு வாரம் பிங் எடுத்து எழுதிவையுங்கள். வித்தியாசம் தெளிவாக இருந்தால் வேறு கம்பெனிக்கு மாறுவதைத் தவிர உங்கள் கையில் ஒன்றும் இல்லை. மாறுவதற்கு முன் அதே கட்டிடத்தில் அந்தக் கம்பெனி லைன் வைத்திருப்பவரிடம் ராத்திரி ஒன்பது மணிக்கு எப்படி என்று கேளுங்கள். விளம்பரத்தைவிட அவர் வாய்மொழி மேல்.

கரண்ட் போனால்?

ரௌட்டர், ஃபைபர் பெட்டி இரண்டும் பெரும்பாலும் 12 வோல்ட். அதற்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, சில மணி நேரம் தாங்கும். ஓஎன்டி என்கிற ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து வாங்குங்கள். ரௌட்டருக்கு மட்டும் வாங்கிவிட்டு, வைஃபை இருக்கிறது நெட் இல்லை என்று புலம்பியவர்கள் உண்டு. உங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் பக்கமோ மொட்டை மாடியிலோ கம்பெனியின் ஸ்விட்ச் பெட்டி இருந்து அதற்கு பேக்கப் இல்லாவிட்டால், உங்கள் யுபிஎஸ் என்ன செய்தும் பிரயோஜனமில்லை. வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

போன் ஹாட்ஸ்பாட்டை நம்பலாமா?

அவசரத்துக்கு நம்பலாம். போனை ஜன்னல் ஓரம் வைத்து, வைஃபை ஹாட்ஸ்பாட்டுக்குப் பதிலாக யுஎஸ்பி ஒயரில் இணையுங்கள். போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஒரு வைஃபைத் தாவல் மிச்சமாகும், பேட்டரியும் இறங்காது. வீட்டு நெட் ஒரு கம்பெனி என்றால் சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும். ரோடு தோண்டுகிறவர் ஒரே வெட்டில் இரண்டையும் எடுத்துவிடும் வாய்ப்பு கொஞ்சமாவது குறையும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் அங்கிருந்து வேலை பார்க்க வேண்டும். அங்கே டவர் ஒரு கோடுதான்.

மொட்டை மாடி. அதுதான் முதல் பதில். மற்றபடி, வீடியோவை அணையுங்கள், திரைப் பகிர்வை மற்றவர் செய்யட்டும். மீட்டிங் அழைப்பில் டயல்-இன் எண் இருந்தால் சாதாரணப் போன் காலாகவே சேருங்கள். குரல் தனி வழியில் போய்விடும், நெட் வெறும் ஸ்லைடு பார்க்க.

ஆஃபீஸ் கணினியை ரிமோட் டெஸ்க்டாப்பில் திறப்பவர்களுக்கு ஒரு பழைய புதையல். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனில் எக்ஸ்பீரியன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். லைன் வேகத்தைக் கேட்கும் பட்டியலில் முதல் பெயரே மோடம், 56 கேபிபிஎஸ். அதைத் தேர்ந்தெடுத்தால் பின்னணிப் படம், ஜன்னல் அசைவுகள், எழுத்து மெருகு எல்லாவற்றையும் உதறிவிடும். பார்க்க மொட்டையாக இருக்கும், ஆனால் ஓடும். நிறத்தையும் 16 பிட்டுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 56 மோடத்தில் நிஜமாகவே வேலை பார்த்தார்களா?

பார்த்தோம். தம்பிமார்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் உங்கள் குரலை செகண்டுக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொன்றுக்கும் 8 பிட் கொடுக்கும். மொத்தம் 64 கேபிபிஎஸ். மோடம் அந்தக் குரல் வழியிலேயே கீச்கீச்சென்று கத்தித் தகவலை அனுப்பியாக வேண்டும், அதனால்தான் 1998இல் வந்த வி.90 தரமும் 56இல் நின்றது. அதுவும் இறங்கும் பக்கம்தான். ஏறும் பக்கம் 33.6. நடைமுறையில் 40 கிடைத்தால் கடையில் டீ வாங்கித் தருவோம். ஒரு எம்பி ஃபைல் இறங்க மூன்றரை நிமிஷம்.

மெதுவாக இருக்கிறது என்று வருகிற மோடங்களில் பெரும்பாலானவற்றில் மோடம் நன்றாகவே இருக்கும். போய்ப் பார்த்தால், அதே லைனில் ஹாலில் ஒரு போன், பெட்ரூமில் ஒரு போன், சமையலறையில் ஒரு போன் என்று இணையாக இழுத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் லைனில் இரைச்சல் சேர்க்கும். அம்மா எடுத்து “ஹலோ” என்றால் இணைப்பே அறுந்துவிடும். மழைக்காலத்தில் கம்பத்துப் பெட்டிக்குள் ஈரம் ஏறி கரகரப்பு வரும், மோடங்கள் இரண்டும் பேசிப் பார்த்து 56 வேண்டாம், 33 வேண்டாம், 21.6க்கு வருகிறாயா என்று பேரத்தில் இறங்கிவிடும். நாங்கள் செய்கிற முதல் வேலை, எல்லாப் போனையும் பிடுங்கிவிட்டு மோடத்தை வாசலில் லைன் வந்து ஏறுகிற பெட்டியிலேயே நேராக மாட்டிப் பார்ப்பது. அங்கே நன்றாக வந்தால் கோளாறு வீட்டுக்குள், அங்கேயும் வராவிட்டால் வெளியே. இன்றைக்கு நீங்கள் பிங் அடித்துப் பார்ப்பது அதே வேலைதான், ஏணி மட்டும் வேண்டாம்.

வேலை எப்படிப் பார்த்தோம் என்றால், லைனைப் பிடித்ததும் மெயிலை இறக்கிக்கொண்டு உடனே அறுத்துவிட்டு, நிதானமாகப் படித்து, பதில் எல்லாம் எழுதி வைத்து, மறுபடி பிடித்து மொத்தமாக அனுப்புவோம். நிமிஷத்துக்கு நிமிஷம் போன் பில் ஏறும், சும்மா பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

கம்பெனியிடம் புகார் போட்டால் “இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது” என்கிறார்கள்.

புகார் எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள். நேரத்தோடு பிங் பதிவைப் படம் எடுத்து அனுப்புங்கள். ரௌட்டருக்கு ஒன்று, 8.8.8.8க்கு ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்தது. வைஃபை என்று சாக்குச் சொல்ல முடியாமல் வயரில் மாட்டி எடுங்கள். புகார் மையம் கைவிட்டால் அதே கம்பெனிக்குள் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி. அவருடைய மெயில் முகவரி கம்பெனியின் இணையதளத்தில் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். அங்கே எழுதினால் வேகம் தனி. சட்டப்படி பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள 2023இலிருந்து குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருந்தால் போதும் என்பதால், “நீங்கள் தருவது பிராட்பேண்டே இல்லை” என்று வாதாடி ஜெயிப்பது கஷ்டம். விட்டு விட்டு அறுகிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேனேஜர் நம்பவில்லை. “எப்போது பார்த்தாலும் நெட் நெட் என்கிறாய்” என்கிறார்.

அவருக்கும் அதே படத்தை அனுப்புங்கள். 10:42க்கு ரௌட்டர் 3, வெளியே பதில் இல்லை, 10:44க்குத் திரும்ப வந்தது என்று ஒரே வரி. இரண்டு தடவை அனுப்பினால் மூன்றாவது தடவை அவரே “என் வீட்டிலும் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்” என்பார். எனக்கு அப்படி வாய்த்ததுதான் எலெக்ட்ரானிக் சிட்டி வீடு. அங்கே ரௌட்டர் பீரோவுக்குள்ளேயே இருந்தது.